பாஞ்சாகுளத்து மிட்டாயும் கிரீன்ஸ்பரோ காப்பியும்

சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில், பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போன பட்டியல் சாதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரில் கட்டுப்பாடு போட்டாயிற்று, இனிமேல் உங்களுக்கு எதுவும் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் பரவிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

இதனோடு வைத்துப் பார்க்கத்தக்க கடை அமெரிக்காவில் இருந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர்கள் நால்வர் உல்வொர்த் கடையில் பற்பசை முதலிய சில்லறைச் சாமான்களை வாங்கினார்கள். பிறகு அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில், வெள்ளையர்க்கு மட்டுமான இருக்கைகளில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். தரவில்லை. பற்பசைக்குச் செல்லுபடியான காசு காப்பிக்கு ஏன் செல்லாது? கடை சாத்தும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாளுக்குள் ஏறத்தாழ முந்நூறு பேர் திரண்டுவிட்டார்கள். நாஷ்வில் நகரிலோ இப்படி உட்காரும் போராட்டத்துக்கு ஒத்திகையே நடந்தது. திட்டினாலும் தள்ளிவிட்டாலும் கை ஓங்காதிருக்க மாணவர்களைப் பழக்கியவர் ஜேம்ஸ் லாசன். நம் நாகபுரியில் சில ஆண்டுகள் தங்கிக் காந்தி வழியைக் கற்றுப் போனவர்.

அந்த மாணவர்கள் மறுப்பை எதிர்பார்த்தே போனார்கள். பாஞ்சாகுளத்துப் பிள்ளைகள் மிட்டாய்க்குத்தான் போனார்கள். ஆனால் இதைவிடப் பெரிய வேறுபாடு, புறக்கணிப்பு யார் கையில் இருந்தது என்பது. உல்வொர்த் ஊர் ஊராகக் கிளை பரப்பிய நிறுவனம். வடபுலத்து நகரங்களிலும் அதன் வாசல்களில் மறியல் நடந்தது. கிரீன்ஸ்பரோ கிளைக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர் விற்பனை போனது. வாங்குகிறவர் வாங்க மறுத்ததால் வந்த வலிமை அது. பாஞ்சாகுளத்தில் விற்கிறவரே விற்க மறுத்தார், அவர் பின்னால் ஊர்க்கூட்டம் நின்றது. காந்தியின் ஆயுதம் என்று நாம் பெருமை பேசும் ஒத்துழையாமை, நம் கிராமங்களில் வெகுகாலமாக வலுத்தவன் கையில்தான் இருந்து வருகிறது. அப்படிப்பட்ட கடைவாசலில் யார் போய் உட்கார்வது?

சட்டக் கணக்கில் நாம்தான் முந்தி. தீண்டாமையின் பேரால் பண்டம் விற்க மறுப்பதை 1955-லேயே குற்றமாக்கினோம். அமெரிக்காவில் உணவகப் பாகுபாட்டை நாடு முழுவதும் தடுக்கும் சட்டம், மாணவர்கள் உட்கார்ந்து நாலு ஆண்டு கழித்து, 1964-ல்தான் வந்தது. பாஞ்சாகுளத்தில் அரசு சுணங்கவும் இல்லை. கைது நடந்தது, கடைக்குச் சீல் விழுந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைக் கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையவே நீதிமன்றம் தடை போட்டது. கட்டுப்பாடு போட்டவர்களுக்கே கட்டுப்பாடு. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கடை பூட்டப்பட்டதே ஒழிய, அதே கடையில் அந்தப் பிள்ளைகள் கைநீட்டி வாங்கும் நிலையை எந்தப் பிரிவும் உண்டாக்கித் தரவில்லை.

கிரீன்ஸ்பரோவில் அது நடந்தது. 1960 ஜூலை 25 அன்று உல்வொர்த் வழிவிட்டபோது, அந்த இருக்கைகளில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர், அங்கேயே வேலை பார்த்தவர்கள்.