சென்னைப் பல்கலைக்கழகம்

கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு ஒரே ஆண்டில், 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. உயர்கல்விக்கான கோரிக்கை அதற்கு 18 ஆண்டு முன்பே மக்களிடமிருந்து எழுந்துவிட்டது. 1839 நவம்பரில் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதன் விளைவாக 1841இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரி ஆயிற்று.

லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டதால், தொடக்கத்தில் இங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னவர் ஏட்டிலிருந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றியவர் என்பதால், அந்த முதல் பட்டம் தமிழுக்கும் பயன்பட்டது. ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்த செனட் மாளிகை 1879இல் கட்டி முடிந்தது.

தேர்வு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டதன் குறை கணித மேதை இராமானுஜன் வாழ்வில் தெரிந்தது. கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் எஃப்.ஏ. என்னும் கல்லூரி இடைநிலைத் தேர்வில் அவர் தேறவில்லை. ஆயினும் 1913இல் இதே பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. விதியைவிட அறிவைப் பெரிதாக மதித்த அந்த முடிவை இதன் வரலாற்றின் மிகச் சிறந்த செயல் எனலாம்.

ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்தது. 1914 முதல் வரலாறு, பொருளியல் போன்ற துறைகள் உருவாயின. 1924இல் நூலகராக வந்த கணித ஆசிரியர் எஸ்.ஆர். இரங்கநாதன், நூல்களை வகைப்படுத்தும், உலகம் அறிந்த கோலன் பகுப்புமுறையை இங்கிருந்தே வகுத்தார். அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன், எஸ். வையாபுரிப்பிள்ளையின் பதிப்பாசிரியப் பொறுப்பில் 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இன்றும் தமிழ் ஆய்வாளர் அதைப் புரட்டாமல் வேலை நடப்பதில்லை.

ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்த பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லை மைசூர் (1916), ஆந்திரம் (1926), அண்ணாமலை (1929), திருவிதாங்கூர் (1937), மதுரை (1966) எனப் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றத் தோன்றச் சுருங்கி, இப்போது சென்னையையும் அதையொட்டிய பகுதிகளையும் மட்டும் கொண்டுள்ளது.