ஊர் திரும்பாத ஆசிரியை

பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று யாழ்ப்பாணத்தார் கேட்ட காலத்தில், 1824 ஆம் ஆண்டு, ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833 தை மாதத்தில், தமது 36 ஆவது வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் தொடங்கிய பணியை நிலைபெறச் செய்தவர்களுள் எலைசா அக்னியூ அம்மையார் முதன்மையானவர். நியூயோர்க்கில் பிறந்த அவர், சிறுவயதிலேயே மிஷன் ஊழியத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆயினும், பெற்றோரைப் பராமரித்து, அவர்கள் மறைந்த பின்னரே கப்பலேறி 1840 இல் இங்கு வந்தார். 1855 இல் மிஷன் கொள்கை மாறி வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்ட வேளையிலும் அவர் உடுவிலை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்த அவர், ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை.

தாம் கற்பித்த மாணவியரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே ஆசிரியையானார். விடுமுறை நாட்களில் கிராமங்களுக்குச் சென்று அவர்களது வீடுகளைத் தரிசித்தார். அம்மாணவியர் ஆசிரியைகளாகவும் உபதேசிமாரின் துணைவியராகவும் சபைக்கு உழைத்தனர். ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ எனப் போற்றப்பட்ட அம்மையார் 1883 இல் மானிப்பாயில் காலமானார்.

பழைய மாணவியர் சங்கங்கள் தோன்றுமுன்பே, பாடசாலையை விட்டுச் சென்ற பிள்ளையின் படலையைத் தேடிப் போனவர் அவர். நமது சங்கமும் நூறாண்டு கண்ட இவ்வேளையில், அவர் நடந்த அவ்வழியை நன்றியுடன் நினைவுகூருவோம்.