கலோமிரிஸும் ஸ்கல்கோட்டாஸும்: கிரேக்கச் செவ்வியல் இசையில் தேசியமும் நவீனமும்

இருபதாம் நூற்றாண்டின் கிரேக்கச் செவ்வியல் இசை வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். ஒருபுறம் மனோலிஸ் கலோமிரிஸ், நாட்டுப்பாடலை அடித்தளமாக்கித் தேசிய இசைப்பள்ளியை நிறுவியவர். மறுபுறம் நிகோஸ் ஸ்கல்கோட்டாஸ், பெர்லினில் இசையமைப்பாளர் ஷோன்பெர்கிடம் பயின்று, ஏதென்ஸில் கேட்பாரற்று 1949இல் 45 வயதில் மறைந்தவர். தேசியவாதி வென்றார், நவீனர் பலியானார் என்று முடியும் இந்தக் கதை சுவையானது. அந்த இருவரின் படைப்புகளைக் கையில் எடுத்ததும் அது ஆட்டம் காணத் தொடங்குகிறது.

1908 ஜூனில் ஏதென்ஸ் இசைப்பள்ளியில் தம் படைப்புகளைக் கொண்டு ஒரு நிகழ்ச்சி நடத்தியபோது கலோமிரிஸுக்கு வயது 24. ஸ்மிர்னாவில் பிறந்து, வியன்னாவில் படித்து, அப்போது கார்கிவ் நகரில் இசை கற்பித்துக்கொண்டிருந்தவர். நிகழ்ச்சியைவிட அதற்காக அவர் அச்சிட்ட குறிப்பேடுதான் அதிகம் பேசப்பட்டது. தேசிய இசை நாட்டுப்பாடலில் வேர்விட வேண்டும். ஆனால் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், நார்வேக்காரர் ஆகியோர் வளர்த்தெடுத்த நுட்பங்கள் அனைத்தையும் அது தன்வயமாக்கிக்கொள்ள வேண்டும் என்றது அந்தக் குறிப்பு. எழுதப்பட்ட மொழியே ஒரு சவால். அரசும் பல்கலைக்கழகமும் போற்றிய தூய நடையை விடுத்து அவர் பேச்சுமொழியில் எழுதினார். ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், 1901 நவம்பரில், நற்செய்தி நூல்களைப் பேச்சுமொழியில் பெயர்த்ததற்காக ஏதென்ஸ் தெருக்களில் கலவரம் மூண்டு எட்டுப் பேர் இறந்திருந்தனர். அந்தச் சூழலில் பேச்சுமொழியை ஏந்தியவர்கள் பழமைவாதிகளாக இருந்திருக்க முடியாது. கவிஞர் கோஸ்டிஸ் பலமாஸ் இந்த இளைஞரை வரவேற்றுக் கவிதை எழுதினார். கலோமிரிஸ் எதிர்த்ததோ இத்தாலியச் சாயல் கொண்ட அயோனியத் தீவுகளின் இசை மரபை. ஒலிம்பிக் கீதத்துக்கு இசையமைத்த ஸ்பிரோஸ் சமாராஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆக, கிரேக்க இசையில் நவீனம் முதன்முதலில் தேசியத்தின் உடையணிந்துதான் வந்தது.

1916இல் அரங்கேறிய ‘புரோட்டோமாஸ்டோராஸ்’ என்ற ஆபரா இதற்குத் தக்க சான்று. எழுத்தாளர் கசாந்த்சாகிஸின் நாடகத்தைத் தழுவியது அது. பாலம் இடியாமல் நிற்க ஓர் உயிரைப் பலி கேட்கும் பழைய நாட்டுக்கதைதான் கரு. மெட்டுகளில் கிழக்கு மத்தியதரைக் கடலின் வாடை. கட்டுமானமோ வாக்னரிடம் பெற்றது: பாத்திரத்துக்கும் எண்ணத்துக்கும் ஒரு குறிப்பிசை, அவற்றைப் பின்னிச் செல்லும் பெரிய வாத்தியக்குழு. கலோமிரிஸ் இந்த ஆபராவை அரசியல் தலைவர் வெனிசெலோஸுக்குக் காணிக்கையாக்கினார். மன்னரும் வெனிசெலோஸும் நாட்டை இரண்டாகப் பிளந்து நின்ற ஆண்டு அது. காணிக்கைப் பக்கம் ஓர் அரசியல் அறிக்கைக்கு நிகர்.

1920இல் ஹேரோடெஸ் அட்டிகஸ் அரங்கில் அவருடைய ‘லெவெந்தியா’ சிம்பொனி ஒலித்தபோது கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இருந்தது. சிம்பொனியின் முடிவில் பைசாந்தியத் துதிப்பாடல் வெற்றி முழக்கமாக எழுகிறது. இரண்டே ஆண்டுகளில் படை தோற்றது, ஸ்மிர்னா எரிந்தது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கிரேக்கத்துக்குள் வந்து இறங்கினார்கள். கிரேக்கர் வாழ்ந்த நிலங்களையெல்லாம் ஒன்றிணைக்கும் அகன்ற கிரேக்கம் என்ற கனவு முடிந்துபோனது. அந்தக் கனவுக்காக எழுதப்பட்ட இசை மட்டும் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளவே இல்லை.

தேசியத்துக்கும் நவீனத்துக்கும் இடையிலான பிளவு இங்கேதான் தொடங்குகிறது என்று கருத இடமுண்டு. நிலம் போன பிறகு தேசிய இசை நிறுவனங்களுக்குள் குடியேறியது. ஏற்கெனவே 1919இல் ஓர் இசைப்பள்ளியைத் தொடங்கியிருந்த கலோமிரிஸ் 1926இல் இன்னொன்றையும் தொடங்கினார். ராணுவ இசைக்குழுக்களை மேற்பார்த்தார். நாளிதழில் இசை விமர்சனம் எழுதினார். 1931இல் அமைந்த இசையமைப்பாளர் சங்கத்துக்குத் தலைமையேற்றார். 1945இல் ஏதென்ஸ் அகாதெமியில் இடம் பெற்றார். 1908இன் கலகக்காரர் கற்பிப்பவராகவும் தீர்ப்பளிப்பவராகவும் ஆகிவிட்டார். இசையிலக்கணம் மட்டும் அன்று போலவே இருந்தது.

ஸ்கல்கோட்டாஸ் 1933இல் பெர்லினிலிருந்து திரும்பி, வாத்தியக்குழுக்களின் கடைசி வரிசையில் வயலின் வாசித்துப் பிழைத்தது இந்த ஏதென்ஸில்தான். அவர் தேசிய மரபுக்கு அந்நியர் என்பது ஏற்கத்தக்கதல்ல. பன்னிரு சுர முறையில் அமைந்த முதல் பியானோ கான்செர்ட்டோவை எழுதிய அதே 1931இல்தான் ‘36 கிரேக்க நடனங்கள்’ தொகுப்பையும் தொடங்கினார். 1936 வரை அது வளர்ந்தது. சில நடனங்களில் உண்மையான நாட்டு மெட்டு, சிலவற்றில் அவரே புனைந்த மெட்டு. காதுக்கு எது எதுவென்று பிரித்தறிவது கடினம். இசையியலாளர் மெல்போ மெர்லியேயின் நாட்டுப்பாடல் ஆவணக்களரிக்காகக் கிரீட், சிஃப்னோஸ் தீவுகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சுரப்படுத்தியவரும் அவரே. நாட்டிசையை அதன் கரடுமுரடோடு உட்கார்ந்து எழுதியெடுத்த உழைப்பு அது.

இன்னும் கூர்மையான சான்று, 1940களின் நடுவில் அவர் எழுதிய இரட்டை வயலின் கான்செர்ட்டோ. அதன் மெதுவான பகுதி வசீலிஸ் சித்சானிஸின் ரெபெட்டிகோ பாட்டொன்றைக் கருவாகக் கொண்டு விரிகிறது. ரெபெட்டிகோ துறைமுகச் சந்துகளிலும் அகதிக் குடியிருப்புகளிலும் வளர்ந்த இசை. 1936இல் ஆட்சிக்கு வந்த சர்வாதிகாரி மெடாக்ஸாஸின் தணிக்கையாளர்கள் அதன் வரிகளைக் கத்தரித்தார்கள். தேசியப் பள்ளி கொண்டாடிய ‘மக்கள்’ மலைக்கிராமத்தில் ஆடுமேய்த்தவர்கள். தம் காலத்து நகரத்தில் பாடிக்கொண்டிருந்த மக்களைக் காதுகொடுத்துக் கேட்டவர் ஷோன்பெர்கின் மாணவர்தான். எனில் யார் தேசியவாதி என்ற கேள்வியே குழம்பிவிடுகிறது.

அப்படியானால் இருவருக்கும் வேறுபாடே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கலோமிரிஸ் நாட்டு மெட்டைப் பெரிதாக்குகிறார்: மேலே பித்தளை வாத்தியங்கள், கீழே செறிந்த சுரக்கூட்டு. ஸ்கல்கோட்டாஸ் மெட்டின் தாளத்தையும் வளைவையும் கழற்றியெடுத்துத் தம் போக்கில் மறுபடி பூட்டுகிறார். முதலாமவருக்கு நாட்டுப்பாடல் அடையாளம், இரண்டாமவருக்கு மூலப்பொருள். அடுத்த தலைமுறை இசையமைப்பாளர் யானிஸ் ஸெனாகிஸும் இந்த இரண்டாம் வழியில்தான் புறப்பட்டார். 1955இல் டோனாவெஷிங்கன் விழாவை அதிரவைத்த ‘மெட்டாஸ்டாஸிஸ்’, வட கிரேக்கத்துத் தீமிதிச் சடங்கின் பெயரைத் தாங்கிய ‘அனஸ்தெனாரியா’ என்ற முப்பகுதிப் படைப்பின் இறுதிப் பகுதியாகவே முதலில் எண்ணப்பட்டது. பின்னாளில் அந்தப் பெயர் உதிர்ந்து கணிதம் மட்டும் பேசப்பட்டதில் விமர்சகர்களுக்கும் பங்குண்டு.

1962 ஏப்ரலில் கலோமிரிஸ் இறந்தார். கடைசிப் பைசாந்தியப் பேரரசரைப் பற்றிய அவருடைய இறுதி ஆபரா அவ்வாண்டு ஆகஸ்டில் ஹேரோடெஸ் அட்டிகஸ் அரங்கில் மேடையேறியது. புதிய இசைக்கென மானோஸ் ஹட்சிதாகிஸ் பணம் கொடுத்து ஏதென்ஸில் ஒரு போட்டி நடந்ததும் அதே ஆண்டில்தான். ஹட்சிதாகிஸ் திரைப்பாட்டால் புகழ்பெற்றவர். 1949இல் ரெபெட்டிகோவுக்காக மேடையேறி வாதாடியவர். பரிசை அனெஸ்டிஸ் லோகோதெடிஸுடன் பகிர்ந்துகொண்டவர் ஸெனாகிஸ். இடதுசாரி எதிர்ப்பியக்கத்தில் இருந்ததற்காகத் தாய்நாட்டின் நீதிமன்றம் அவர் இல்லாமலே தண்டனை விதித்திருந்தது. 1974இல் ராணுவ ஆட்சி வீழும்வரை அவரால் அங்கே காலடி வைக்க முடியவில்லை.