குளிர்ப்பெட்டி வாயுவும் அடுப்புப் புகையும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பொறியியற் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், 1960களின் நடுப்பகுதியிலே, செகந்திராபாத்திலுள்ள குளிர்ப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்தார். பெட்டிகளிலிருந்து குளோரோபுளோரோகாபன் வாயு ஏன் கசிகின்றது எனக் கண்டறிவதே அவருக்கு இடப்பட்ட பணி. மதுரையிலே பிறந்து, தமிழிலே கல்வி தொடங்கி, பதினொரு வயதிற் பெங்களூருக்குப் பெயர்ந்தவர் அவர். அங்கு ஆங்கிலத்தில் நடந்த பாடங்கள் விளங்காமையால், எதனையும் தாமே சிந்தித்துத் தெளியப் பழகிக் கொண்டார். (ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதனைச் சற்றுக் கூச்சத்துடனேயே எழுதுகின்றோம்.) வீரபத்ரன் இராமநாதன் என்பது அவர் பெயர்.

அதே வாயு 1975இல் அமெரிக்காவில் மீண்டும் அவர் கைக்கு வந்தது. புவியைச் சூடாக்குவது பெரிதும் காபனீரொட்சைட்டே என விஞ்ஞானிகள் எண்ணியிருந்த காலம் அது. புவி வெளிவிடும் வெப்பக் கதிர்களில் ஒரு பகுதியை நீராவியும் தடுப்பதில்லை, காபனீரொட்சைட்டும் தடுப்பதில்லை. திறந்த பலகணியூடே செல்வது போல் அது விண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. குளிர்ப்பெட்டி வாயு அந்தப் பலகணியையே அடைக்கின்றது. அதன் ஒரு மூலக்கூறு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளின் வேலையைச் செய்யவல்லது என அவர் கணித்தார். ஓசோனைக் காப்பதற்கெனச் செய்யப்பட்ட 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, புவி சூடாவதையும் ஓரளவு தணித்தமைக்கு இதுவே காரணம்.

1999இல் அவரும் போல் குருட்சனும் தலைமை தாங்கிய ஆய்வுக் குழு, மாலைதீவைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திர வானை அளந்தது. தெற்காசியாவிலிருந்து கடல்மீது பரந்து கிடந்தது ஒரு புகைப்படலம். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தடிப்புடையது. கடலை அடையும் சூரிய ஒளியையே குறைப்பது. 2002இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிறுவனம் அதனை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ எனப் பெயரிட்டு அறிக்கை வெளியிட்டபோது இந்தியத் தரப்பிற் கண்டனம் எழுந்தது. பின்னர் அப்பெயரிலிருந்து ஆசியா நீங்கியது.

அக்கோபம் நியாயமற்றதென நாம் கூறோம். இரு நூற்றாண்டுகளாக நிலக்கரி எரித்துச் செல்வம் குவித்த நாடுகள், ஏழையின் விறகடுப்பைச் சுட்டிக் காட்டுவது எவ்வகை நீதி? ஆயினும் அப்புகையை முதலிற் சுவாசிப்பவள் அடுப்படியிலிருக்கும் பெண்ணே. கொடியின் பெயரால் அவள் இருமலை மறைத்தல் தேசபக்தியாகாது. காபனீரொட்சைட்டு வளியிலே நூற்றாண்டுகள் தங்கும். புகைக்கரியோ சில நாட்களில், மிஞ்சினாற் சில வாரங்களில் விழுந்துவிடும். ஆகவே அடுப்பைத் திருத்தினாற் பயன் விரைவிற் கிட்டும் என்று இராமநாதன் வாதிட்டார். வாதத்தோடு நின்றாருமல்லர். ‘சூரியா’ என்னும் திட்டத்துடன் உத்தரப் பிரதேசக் கிராமத்துக்குச் சென்றார். பின்னர் ஒடிசாவுக்கும் சென்றார். அங்கே புகை குறைந்த அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்ததென்பதை, அதிற் பொருத்திய சிறு கருவி அளந்தது. தவிர்த்த புகைக்குரிய பணம் சமைத்த பெண்களின் கைக்கே சென்றது.