உல்லாசத் தீவுக்குப் பழைய வழி

பெருங்குடியில் எங்கள் தெருமுனையில் ஒரு விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். நீலக் கடல், தென்னை, காட்டு யானை, நுவரெலியாவின் தேயிலைச் சரிவில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். இலங்கைக்கு ஐந்து நாள் உல்லாசப் பிரயாணமாம். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. அழகான தேசந்தான், போய் வாருங்கள். ஆனால் படத்தில் இருக்கிறாளே, அவளுடைய பாட்டனும் பூட்டனும் எந்த வழியாகப் போனார்கள் என்று தெரியுமோ?

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து இருபது மைல் சொச்சம் கப்பல். தலைமன்னாரில் மறுபடியும் ரயில். கொழும்பு வரை ஒரே டிக்கெட்! துரைமார்களும் வியாபாரிகளும் சௌகரியமாகப் போனார்கள்.

தோட்டத்துக்குப் போன ஜனங்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் அவர்களை இறக்கி, தொற்று நோய் இல்லையென்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். காப்பித் தோட்ட காலத்தில் இதுவும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. தண்ணீர் இல்லாமலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தப்பிப் போய்ச் சேர்ந்தவனுக்குக் கங்காணியிடம் வாங்கிய கடன் காத்திருக்கும். கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் மாறுவான். மனிதனுக்கு விலைச் சீட்டு என்றுதான் நான் சொல்வேன். 1921-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

1948-இல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டுச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, ரயிலும் அதிலிருந்த பிரயாணிகளும் உட்பட.

அதனால் கப்பல் பிறகு ராமேசுவரத்துக்கு வந்தது. வந்தவர்களை அதே மண்டபம் முகாமில் இறக்கினார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று சர்க்கார் காகிதங்கள் எழுதின. பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத ஊருக்கு ஒருவன் எப்படித் திரும்புவது?

பலரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்காகவே 1968-இல் சர்க்கார் தேயிலை பயிரிடத் தொடங்கியது. மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அங்கே 'இந்தியத் தமிழர்' என்று பதிவானவர்களுக்குக் கூடலூர்ப் பக்கத்தில் இன்றும் 'சிலோன்காரர்' என்று பெயர்.