குருதி கூறும் குறிப்பு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, வயல்கள் சூழ்ந்த ஊர் கிளிவெட்டி. கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, அவ்வழியே பட்டினம் செல்வோர் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியே நீரைக் கடந்தனர். வயிறு ஊதலாக இருக்கிறது, பசியில்லை என்று உணரும் ஒரு தாய், போக்குவரத்துத் தொல்லையை எண்ணி, வாயுக் கோளாறுதானே என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு இருந்துவிடுவதில் வியப்பில்லை. சூலகப் புற்றுநோய் அவ்வாறுதான் காலத்தைக் களவாடுகிறது. வயிற்றறையில் பரவிய பின்னரே அது பெரும்பாலும் கண்டறியப்படுகிறது. அந்நிலையில் நோயின் போக்கை ஒரு துளி குருதியால் முன்னறிய முடியுமா? நேயர்களே, இவ்வினாவுக்கு விடை தேடிய கதை விசித்திரமானது. வேறெதையோ தேடியவர்களே இங்கு வழி கண்டனர்.

முற்கால மேனாட்டு வைத்தியர் நோயாளியின் குருதியைக் கலத்தில் வடித்து வைப்பர். உறைந்த குருதியின்மேல் வெளிறிய படலம் தடித்து நின்றால் நோய் கடிது என்பர். செங்குழியங்கள் விரைந்து கீழே படிவதே அதற்குக் காரணம். 1897இல் வார்சோ நகர வைத்தியர் பியர்நாட்ஸ்கி அந்தப் படிவு வேகத்தை ஆராய்ந்தார். 1918இல் சுவீடன் நாட்டு ஃபொறேயுஸ், கருப்பத்தை அறிய ஒரு சோதனை தேடுகையில் இதனையே கண்டார். ஆனால் கருவுற்றோர் குருதி மட்டுமன்றிப் பற்பல நோயாளரின் குருதியும் அவ்வாறே விரைந்து படிந்தது! கருப்பச் சோதனை கைகூடவில்லை, ஈ.எஸ்.ஆர். என்னும் சோதனை பிறந்தது.

புற்றுத் திசுக்களிடையே வெண்குழியங்கள் கிடப்பதை ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ 1863இலேயே குறிப்பிட்டு, அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டு எனக் கருதினார். அக்கருத்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1930இல் நியூயோர்க்கில் தில்லெற்றும் பிரான்சிசும் நியூமோனியா நோயாளரின் குருதியில் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைக் கண்டபோதும் புற்றுநோய் அவர்கள் நினைவில் இல்லை.

2001இல் சுலோவாக்கிய வைத்தியர் சகோரெட்ஸ், தீவிர சிகிச்சை பெறுவோரின் குருதியில் நியூட்ரோபில், லிம்போசைட் என்னும் இருவகை வெண்குழியங்களின் விகிதத்தைப் பார்க்கச் சொன்னார். முன்னது பெருகிப் பின்னது குறைந்தால் உடல் பெரும் நெருக்கடியில் உள்ளது என்பது பொருள். சிகிச்சைக்கு முன் இவ்விகிதம் உயர்ந்திருந்த சூலகப் புற்றுநோயாளர் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்று கொரிய ஆய்வாளர் 2009இல் வெளியிட்டனர்.

ஆனால் 2012இல் ஹூஸ்டன் நகர ஆய்வாளர் வெளியிட்டதே என் மனத்தை மிகவும் ஈர்த்தது. 619 சூலகப் புற்றுநோயாளருள் நூற்றுக்கு 31 பேருக்குக் குருதிச் சிறுதட்டுக்கள் அளவுக்கு மீறியிருந்தன; அவர்களின் நோய் முற்றியதாயும் வாழ்நாள் குறுகியதாயும் காணப்பட்டது. காரணமும் புலனாயிற்று. கட்டியானது இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளைச் சுரக்கிறது. அது ஈரலைத் தூண்ட, ஈரல் என்பு மச்சையை ஏவ, மச்சை சிறுதட்டுக்களைப் பெருக்குகிறது. அச்சிறுதட்டுக்களோ கட்டியின் வளர்ச்சிக்கே துணைபோகின்றன. காயத்தை ஆற்ற அமைந்த ஏற்பாட்டைப் புற்று தன் ஊழியத்துக்கு அமர்த்திக்கொள்கிறது.

வெண்குழியங்களையும் சிறுதட்டுக்களையும் எண்ணப் புதுக்கருவி வேண்டியதில்லை. காய்ச்சலுக்காகத் தள வைத்தியசாலையில் எடுக்கும் சாதாரணக் குருதிக் கணக்கே போதும். இதன் பெருமையும் இதுவே, சிறுமையும் இதுவே. வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும் நியூட்ரோபில் ஏறும், சி.ஆர்.பி.யும் ஏறும். 1981இல் பாஸ்ற் என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கிய எதிர்பொருளால் அறியப்பட்ட சி.ஏ.125கூட, கருப்பத்திலும் வயிற்றுக் காசத்திலும் உயரக்கூடும். ஆகையால் நலமாயிருப்போரிடையே புற்றைத் தேடிப் பிடிக்க இவ்வெண்கள் உதவா. நோய் உறுதியானவரிடத்து, அறுவைக்கு முன் வைத்தியர் தம் கணிப்புக்குத் துணையாகக் கொள்ளலாம். விகிதம் எவ்வளவு உயர்ந்தால் அபாயம் என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. ஓர் எண்ணைக் கண்டு நோயாளியைக் கைவிடுவதற்கு இங்கு இடமில்லை.

கிளிவெட்டித் தாய்க்கு முதலில் வேண்டியது வேறு. வயிற்று ஊதலும் விரைவில் வயிறு நிறைந்த உணர்வும் சில வாரங்கள் நீடித்தால், கொத்தமல்லியோடு நில்லாது வைத்தியரிடம் சென்று வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். பாதையேறிக் காத்திருக்கும் காலம் போய்விட்டது. இப்போது பாலம் இருக்கிறது.