அளந்து கொடுத்த மகரந்தம்: பருவகால ஒவ்வாமைச் சிகிச்சை வளர்ந்த விதம்

1819 மார்ச்சில் லண்டன் மருத்துவச் சங்கமொன்றில் ஜான் போஸ்டாக் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் வரலாற்றை வாசித்தார். கோடை தொடங்கியதும் கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், மூச்சுமுட்டல். சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். நோயாளி அவரேதான். எட்டு வயதிலிருந்து தொடர்ந்த அவதி. குருதி வடித்தல், பேதி மருந்து, அபின், சிங்கோனாப் பட்டை, குளிர்நீர்க் குளியல் என்று அக்கால வைத்தியம் அறிந்த பலவற்றையும் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். ராம்ஸ்கேட் கடற்கரையில் தங்கிய கோடைகளில் மட்டுமே ஓரளவு சுகம் கிடைத்தது. வைக்கோலால் வரும் நோய் என்ற ஊர்ப்பேச்சை அவர் ஏற்கவில்லை. வெப்பமே காரணம் என்றார். கடற்காற்றில் புல் மகரந்தம் குறைவு என்பதை அறியாமலேயே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

காரணத்தைப் பிடித்தவர் மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் இதே நோய் இருந்தது. தோலைக் கீறி மகரந்தம் தடவித் தடிப்பு எழுவதைக் கண்டார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளில் காற்றிலுள்ள மகரந்தத்தைப் பிடித்து நாள்தோறும் எண்ணினார். பட்டங்களில் தகடுகளைக் கட்டி உயரேயும் அனுப்பினார். மகரந்தம் கூடும் நாளில் தும்மலும் கூடியது. இன்றைய ஒவ்வாமைத் தோல் சோதனை, மகரந்தக் கணக்கெடுப்பு ஆகிய இரண்டின் தொடக்கமும் 1873இல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கிறது. சிகிச்சைக்கு வழி மட்டும் அதில் இல்லை.

அந்த வழி 1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் திறந்தது. அல்ம்ராத் ரைட்டின் தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லியோனார்ட் நூன், புல் மகரந்தத்தில் ஒரு நச்சு இருப்பதாகவும், அதைச் சிறுகச் சிறுக ஏற்றினால் உடல் எதிர்ப்பைப் பெறும் என்றும் கருதினார். நச்சு என்ற எண்ணம் பிழை. ஆனால் கணக்கில் அவர் பிசகவில்லை. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மகரந்தத்திலிருந்து கிடைக்கும் சாறு ஓர் அலகு என வரையறுத்தார். நோயாளியின் கண்ணில் சாற்றைச் சொட்டு விட்டு, எத்தனை அலகில் சிவக்கிறது என்று பார்த்தார். ஊசிகளுக்குப் பின் அந்த எண்ணிக்கை உயர்ந்தால் தாங்குதிறன் கூடியது என்று பொருள். அளவு மிஞ்சினாலோ இடைவெளி குறுகினாலோ பலன் தலைகீழாகும் என்ற எச்சரிக்கையும் அதே சிறு கட்டுரையில் உண்டு. 1913இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது; பணியை ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார். நோய்க்கு அடிப்படையான ஐஜிஇ எதிர்ப்பொருள் இனங்காணப்பட்டது 1960களின் பிற்பகுதியில்தான். அரை நூற்றாண்டுக்கும் மேலாக, விளக்கம் இல்லாமலேயே வைத்தியம் நடந்தது.

இதற்கிடையே எளிய வழிகள் வந்தன. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே 1937இல் முதல் ஆன்டிஹிஸ்டமினைக் கண்டறிந்தார். 1940களில் அவ்வகை மருந்துகள் மனிதப் பயன்பாட்டுக்கு வந்தன. தும்மல் நின்றது, தூக்கம் வந்தது. தூக்கம் தராத டெர்ஃபெனடினோ, சில மருந்துகளோடு சேரும்போது இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக நேர்ந்தது. உடலில் அது மாறி உருவாகும் ஃபெக்ஸோஃபெனடின் அதன் இடத்தைப் பிடித்தது. 1970களில் வந்த ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான்கள், மூக்கடைப்புக்கு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஆனால், பருவம் முழுக்க விடாமல் பயன்படுத்த வேண்டும். இவை எல்லாம் நோயை அடக்குபவை. நிறுத்தினால் நோய் திரும்பும்.

ஊசி உண்மையிலேயே பலன் தருகிறதா, நம்பிக்கையின் விளைவா? நூனுக்கு 43 ஆண்டுகள் கழித்தே முறையான விடை கிடைத்தது. அதே மருத்துவமனையின் வில்லியம் ஃபிராங்க்லண்ட், ரோசா அகஸ்டின் இருவரும் 200 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு மகரந்தச் சாறும் அதன் தூய புரதமும், மற்றவர்களுக்கு அப்புரதம் இல்லாத ஊசியும் போட்டார்கள். புரதம் பெற்றவர்களின் நிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. 1954இல் வெளிவந்த இந்த ஒப்பீட்டையே இத்துறையின் திருப்புமுனையாக நான் கருதுகிறேன்; நூனுடையது துணிவு, இது சான்று.

சான்று கிடைத்த பிறகும் ஆபத்து நீங்கவில்லை. 1957 முதல் 26 பேர் இவ்வகை ஊசிகளால் இறந்ததாக 1986இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. உயிர்மீட்புக் கருவிகள் இருக்கும் இடத்தில் மட்டுமே போட வேண்டும், பின் இரண்டு மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்றது. குடும்ப மருத்துவரிடம் போட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே ஏறக்குறைய அற்றுப்போனது. ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் அமெரிக்காவிலும் ஊசி தொடர்ந்தது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாட்டிலேயே அதன் வைத்தியம் முடங்கியது வரலாற்றின் விசித்திரம்தான்.

நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை இந்த முட்டுக்கட்டையை ஓரளவு தளர்த்தியது. புல் மகரந்த மாத்திரை 2006இல் ஐரோப்பாவிலும் 2014இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. முதல் மாத்திரை மருத்துவர் முன்னிலையில். அடுத்தவை வீட்டில், பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே. வாய் அரிப்பு சகஜம். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது.

மூன்று நான்கு ஆண்டுகள் ஊசி போட்டவர்களுக்கு, நிறுத்திய பின்னும் மூன்று ஆண்டுகள் பலன் நீடித்ததை ஸ்டீஃபன் டர்ஹாம் குழு 1999இல் காட்டியது. இரண்டு ஆண்டுகளே மாத்திரை எடுத்தவர்களுக்கோ, நிறுத்திய ஓராண்டில் வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று 2017இல் லண்டன் ஆய்வொன்று கண்டது. குறைந்தது மூன்று ஆண்டுகள் என்ற இன்றைய விதி இத்தகைய கணக்குகளிலிருந்து வந்தது. தும்மல் குறைந்த மகிழ்ச்சியில் இரண்டாம் ஆண்டே மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் வேலை.